பெட்டி வைக்காத வீடு

ஜனவரி 9

கூட்ஸ் யார்டை ஒட்டிய பழைய கிடங்குக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். வாசலில் பலகை: புதிய அருங்காட்சியகம். அறிவியல், தொழில்நுட்பம், கலை, மூன்றும் ஒரே கூரையின் கீழ். எங்கள் தெருவில் ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் இருப்பதற்கு இதுவரை யாரும் பலகை வைத்ததில்லை.

கொருக்குப்பேட்டைக்கு எதற்கு இது? பொதுக் கழிப்பறை கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கேட்காததைக் கொடுக்கிறவர்கள், கேட்காமலே எதையாவது எடுத்துக்கொள்ளவும் கூடும். இருபத்திரண்டு வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்ததில் கற்றது: அன்பளிப்பாக வரும் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

ஜனவரி 22

அருங்காட்சியகத்திலிருந்து ஜெனி என்றொரு பெண் வந்தாள். வண்ணாரப்பேட்டை மளிகை மொத்தக் கடைக்காரர் மகள். படித்தது பொறியியல், செய்வது கலை. வீட்டுக்கு வீடு, சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி ஒட்டுவார்களாம். கூட்ஸ் வண்டி போகும்போது வீடு எவ்வளவு அதிர்கிறது என்று அது பதிவு செய்யும். அந்த அதிர்வை அங்கே ஒரு தரையில் ஓட விடுவார்கள். பார்வையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கலாம்.

“எங்க வீடு ஆடறதைப் பாக்கவா வர்றாங்க?” என்றேன்.

“உணர வர்றாங்க மேடம்.”

நாங்கள் நாளுக்குப் பதினாறு முறை உணர்கிறோம்.

ஜனவரி 23

பெட்டிக்கு அடையாளமாக வாசலில் நீல பெயிண்டில் எண் போடுகிறார்கள். போதாதா? இந்தத் தெருவில் எண் என்றால் ஒரே பொருள்தான்: வீட்டை எடுக்கப் போகிறார்கள். எண் இருப்பவனுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு. கணக்கெடுக்கும்போது வாசலில் இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை. ஆகவே இன்று ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. ஐம்பத்தெட்டு வாசலிலும் ரேஷன் கார்டோடு ஆட்கள்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா நடுவீட்டில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் இன்னொரு அடுப்பை வைத்துவிட்டாள். இரண்டு அடுப்பு, இரண்டு குடும்பம்.

“அக்கா, இது வெறும் அதிர்வு அளக்கறதுக்குத்தான்” என்றாள் ஜெனி.

“அளந்துக்கமே. அந்தாண்டையும் நல்லாத்தான் ஆடிகினு கீது. அதுக்கும் ஒரு நம்பர் போடு.”

போட்டாள். சாயங்காலத்துக்குள் பாதித் தெருவில் புடவை தொங்கியது. நான் மட்டும் பெட்டியும் வேண்டாம், எண்ணும் வேண்டாம் என்றேன்.

“இன்னாக்கா நீ? படிச்சவ இப்டி பண்றியே!”

“படிச்சதாலதான்.”

நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது.

பிப்ரவரி 2

எல்லார் வீட்டிலும் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது. என் வீட்டில் இல்லை. கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 30

திறப்பு விழா. முக்கியஸ்தர்கள் தரையில் ஏறி, நடுங்கி, கைதட்டினார்கள். யார்டில் மூட்டை தூக்கி ஓய்ந்த சின்னப்பையன் அண்ணன் ஏறி நின்று கண்ணை மூடினார். “இது சாயங்காலம் மணலிக்குப் போற வண்டி. லோடு கம்மி.” ஜெனி பதிவைப் பார்த்தாள். அதேதான்.

இவ்வளவு சரியாக அளப்பவர்கள் எதற்காக அளக்கிறார்கள்? பெட்டிகளை இன்னும் கழற்றவும் இல்லை.

ஜூன் 4

வந்துவிட்டார்கள். அருங்காட்சியகம் இல்லை, தண்டவாளத்துக்கு இடம் தேடும் துறை. குடியிருப்பதற்கு ஆதாரம் உள்ளவர்களுக்கு மாற்று வீடாம். எங்கள் ரேஷன் கார்டிலும் கரண்ட் கார்டிலும் எல்லாருக்கும் ஒரே முகவரி: யார்டு ஓரம். எந்த வீடு யாருடையது என்று தேதி, எண், படத்தோடு சொல்லும் பட்டியல் ஒன்றுதான் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் பட்டியல். ஐம்பத்தேழு வீடுகளுக்கு எண்பத்தொன்பது எண்கள்.

“இங்க வீடு எதுவும் இருந்ததாக் காணோமே” என்றார் அதிகாரி, பட்டியலைப் பார்த்து. என் வீட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னார்.

ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன்: இன்னா பண்ணி வச்சுக்கீற செங்கொடி? இத்தனை வயசுக்கு மேல எங்க போவ? ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பர் போட்டுக்கக் கூடாதா?

ஜூன் 5

ஜெனியிடம் போய், பழைய தேதியில் என்னையும் சேர்த்துவிடச் சொன்னேன்.

“பதிவை மாத்த முடியாது மேடம். மாத்தினா மத்தவங்க பதிவையும் யாரும் நம்ப மாட்டாங்க.”

ஐந்து மாதமாக இவர்களிடம் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்ட நாளில் கிடைக்கவில்லை.

ஜூன் 10

ஜெனி கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கே வந்தாள். பச்சையம்மா வீட்டுப் பெட்டியின் பதிவு.

“வெள்ளிக்கிழமை தவறாம காலைல பத்து மணிக்கு நாப்பது நிமிஷம் ஏதோ அதிருது மேடம். கூட்ஸ் இல்ல. அவங்க வீட்லயும் ஒண்ணும் ஓடல. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வருது. என்னன்னு தெரியாம ‘இடையூறு’ன்னு எழுதி ஒதுக்கிட்டோம்.”

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. துணி துவைக்கும் நாள். என் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தவளை மாதிரித் தாவும். ஜனவரியிலிருந்து பதினெட்டு வெள்ளிக்கிழமைகள். விட்டுப்போன இரண்டு, தண்ணீர் வராத வாரங்கள்.

ஜூன் 11

பதினெட்டுப் பக்கங்களையும் மனுவோடு கொடுத்தேன். அதிகாரி கோடுகளைப் புரட்டினார்.

“என்னம்மா இது?”

“நான்தான் சார்.”

நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்.

ஜூன் 13, வெள்ளி

பத்து மணிக்கு மெஷினைப் போட்டேன். அதிகாரி பச்சையம்மா வீட்டில் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிழியத் தொடங்கியதும் கையை எடுத்து, எழுதினார்.

“சும்மா ஓட்டாதக்கா, என் வூட்டுத் துணியையும் போடு” என்று அங்கிருந்தே கத்தினாள் பச்சையம்மா.

வாசலில் நீல பெயிண்டில் 90 என்று போட்டுவிட்டுப் போனார்கள். அது காயும்வரை, யாரும் உரசிவிடாதபடி பக்கத்திலேயே நின்றேன்.