உயிரோடு இருப்பவளின் போஸ்டர்

வியாசர்பாடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி எழிலனுக்கு,

அக்கா ரமாபாய் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் போன் அணைந்தே கிடப்பதால் கூரியரில் அனுப்புகிறேன். கோயம்புத்தூர் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கல்யாண வீடியோ வெட்டுகிற வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொந்தப் படம் வெளியாகிற வாரத்தில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே தியேட்டர், சாயங்காலக் காட்சி மட்டும், யார் வரப்போகிறார்கள், போஸ்டரையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய். அந்தக் கட்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் உன் கேமராக்காரன் பாரியைக் கூப்பிட்டேன். வண்டியில் மைதாப் பசை வாளியோடு வந்து நின்றான்.

எங்கே ஒட்டுவது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டால் வேறு இடமே இல்லை என்றான் பாரி. அங்கே நல்ல சுவரையெல்லாம் கட்சிக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேம்பாலத் தூணில் ஒட்டினால் போலீஸ் கேஸ். மிச்சமிருந்த ஒரு காம்பவுண்டில் ஒட்டிவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் அதன்மேல் ஒரு காதணி விழா ஏறிவிட்டது. ஜனம் நின்று படிக்கிற சுவராகப் பார்ப்போம் என்று சொல்லி, அவனை எண்ணூர் ஸ்டேஷனுக்கு வெளியே அழைத்துப் போனேன். நான் நர்ஸ் வேலைக்கு இறங்கி ஏறுகிற இடம். அந்தச் சுவரை நின்று பார்க்காமல் யாரும் போக மாட்டார்கள்.

முகத்துவாரக்குப்பத்துக்குள் மட்டும் ஒட்டவில்லை. அங்கே உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற கன்னியம்மாக்காவையே உன் படத்துக்குக் கதாநாயகி ஆக்கினாய். விதவை வேஷத்துக்காக அவள் பொட்டை அழித்த நாளிலிருந்து அவள் வீட்டுக்காரர் லோகநாதன் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டோம்.

வம்பு தானாக வந்தது. அந்த ஸ்டேஷன் சுவரில் ஜனம் நின்று படிப்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைத்தான். அவற்றுக்கு நடுவில் கறுப்பு வெள்ளையில், பொட்டில்லாத கன்னியம்மாக்காவின் முகம். 'இடுப்பளவுத் தண்ணி' என்கிற படப் பெயரை நீ மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய். எனக்கும் உறைக்கவில்லை, பாரிக்கும் உறைக்கவில்லை.

நேற்றுக் காலை மீஞ்சூரிலிருந்து அவள் தங்கச்சி உறவுக்காரர்களோடு மாலையும் கையுமாக அழுதுகொண்டே ரயிலிலிருந்து இறங்கினாள். வேலைக்குப் போகிற யாரோ பார்த்துவிட்டுச் செய்தி சொல்லியிருக்கிறார். அதே நேரம் கடலுக்குப் போய்க் கரையேறிய லோகநாதனிடம் ஒருவர் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டிருக்கிறார். மனுஷன் வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. அங்கிருந்து கழிக்கு ஓடினார்.

வேலைக்கு வந்து ஸ்டேஷனில் இறங்கியதுமே எனக்குத் தகவல் வந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கன்னியம்மாக்கா தண்ணீரில் நிற்கிறாள். கரையில் லோகநாதன் சேற்றிலேயே உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னாயா, காத்தாலயே இங்க குந்திகினு அழுவுற?” என்று கேட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தங்கச்சியும் வந்துவிட்டாள். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுது, பிறகு முதுகில் நாலு வைத்தாள். விஷயம் தெரிந்ததும் கன்னியம்மாக்கா சிரித்த சிரிப்பில் இறால் கூடை நழுவித் தண்ணீரில் போய்விட்டது. லோகநாதன் எழுந்து என்னிடம் வந்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். கிழித்துவிடுகிறேன் அண்ணே என்று நானே முந்திக்கொண்டேன்.

“கியிக்காதம்மா,” என்றார். “ஒரு பொட்டு மட்டும் வெச்சுடு. எங்க குப்பத்துல ஏன் ஒட்டல? மீன் ஏலம் போடுற எடத்துல ஒட்டு. எல்லாரும் பாக்கட்டும்.”

அவ்வளவுதான். பெட்டிக்கடையில் பெரிய ஸ்டிக்கர் பொட்டாக வாங்கிக்கொண்டு கன்னியம்மாக்காவே கிளம்பிவிட்டாள். காத்திவாக்கம் மார்க்கெட், ரேஷன் கடை, கம்பெனி பஸ் நிற்கிற இடம் என்று எங்கே ஒட்டவேண்டும் என்பதை அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு போஸ்டரிலும் தன் நெற்றிக்குத் தானே பொட்டு வைத்தாள். கூட்டம் கூடியது. “நான் சாவல. படத்துல கீறேன். வெள்ளிக்கெயம சாயங்காலம் வந்து பாருங்க,” என்று எல்லோரிடமும் சொன்னாள். டிசைனே போச்சு என்று பாரி புலம்பினான். உனக்கும் கோபம் வரும். வரட்டும், நேரில் வந்து திட்டு.

தியேட்டர் நிறையும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மீஞ்சூர் ஜனம் மொத்தமும் வருகிறேன் என்றிருக்கிறது. ஏலக்காரர்கள் எத்தனை மணிக்குக் காட்சி என்று கேட்கிறார்கள். அன்றைக்குப் படகை இறக்கப்போவதில்லை என்று லோகநாதன் சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்று பாக்கி. கன்னியம்மாக்கா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய திரையில் தன்னைப் பார்க்கப் பயமாம். “தம்பி பக்கத்துல குந்துனா பாப்பேன், இல்லாங்காட்டி வெளியவே நிக்கிறேன்,” என்கிறாள். நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். அம்மா உன் தலையணையை வெயிலில் காயவைத்திருக்கிறாள். என்னிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும், தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும் இந்த ஊரில் இரு.

உன் பிரியமுள்ள அக்கா,
ரமாபாய்