காலுறை பின்ன வேண்டாம்

ஆஸ்திரேலியா, மே 1942

அன்புள்ள அம்மாவுக்கு வெண்டல் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

புது குண்டுவீச்சு விமானத்தில் வால் பக்கத் துப்பாக்கி என் பொறுப்பு. நடுவில் கூடுதல் பெட்ரோல் தொட்டியை வைத்து வழியை அடைத்திருப்பதால், தரையிறங்கும்வரை நான் எங்கும் நகர முடியாது. நேற்று ஜப்பான்காரன் துறைமுகத்துக்குப் போய், நாலைந்து ஓட்டைகளோடு திரும்பினோம்.

"எப்ப சார் ஊருக்கு விடுவீங்க?" என்று விமானி ஹாஸ்கெலைக் கேட்டேன்.

"உன் இடத்துல உக்கார ஒருத்தன் வரட்டும்டா," என்று சிரித்தார். யாரும் வருவதாகத் தெரியவில்லை.

எங்கள் கூடாரத்தில் ஆறு பேர் இருந்தோம். பறந்து போய்த் திரும்பாதவனின் காலுறைகளை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

சோப்பு அனுப்பு. தனியாளாகச் சீட்டு ஆடுவது எப்படி என்று சித்தியிடம் கேட்டு எழுது. விமானத்துக்குக் கூட்டிப்போக லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், போகிறேன்.

காலுறை மட்டும் பின்னாதே அம்மா. எல்லாருடையதும் என்னிடம்தான் இருக்கிறது.

உன் வெண்டல்