நம் வீட்டு எலிகளின் நுரையீரல்

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மணிமொழிக்கு,

இங்கே நான் நலம். நீயும் இனியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ என் போனை எடுப்பதில்லை என்பதால், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வரும் மூர்த்தியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சிலிண்டர் வந்துவிட்டது. தண்ணீர் மோட்டாரையும் சரிசெய்தாயிற்று.

என் எலி ஆராய்ச்சி முடிந்தது. உன் அப்பா வீட்டுத் தெருவிலுள்ள ரைஸ்மில்லில் எட்டு எலிகள் பிடித்தேன். தூசு இல்லாத இடத்து எலிகளோடு ஒப்பிட வேண்டும் அல்லவா, அதற்கு நம் வீட்டிலேயே எட்டு. நுரையீரலை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மூச்சுக்குழலை ஒட்டி ஊதாப் புள்ளிகள் திட்டாகத் தெரியும். அதுதான் நிணநீர்த் திசு. எல்லா எலிக்கும் கொஞ்சம் இருக்கும். மூச்சில் வேண்டாதது போகப் போகப் பெருகும்.

மில் எலிகளுக்குச் சின்னச் சின்னத் திட்டுகள்தான். நம் வீட்டு எலிகளுக்கு அது குழலையே சுற்றி வளைத்து, உள்வழியை நெருக்கிக்கொண்டிருந்தது. ஸ்லைடுகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மூன்று முறை லேபிளைச் சரிபார்த்தேன். மாறவில்லை.

பக்கத்து மனை ஷெட்டில் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். நேற்றுதான் சுவரை எட்டிப் பார்த்தேன். "கருகுற நாத்தம் தாங்கலீங்க" என்று நீ எத்தனை முறை சொன்னாய்! பதினாறு வருடம் லேப் ஃபார்மலினில் ஊறிய மூக்கு என்னுடையது. எனக்குத் தெரியாத நாற்றம் ஊரிலேயே இல்லை என்று இருந்துவிட்டேன். இனியாவின் மூச்சிழுப்பு உங்கள் குடும்பத்து வியாதி என்று மாமாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். மில் தூசில் குழந்தையை வைத்திருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பாவிட்டால் வரவே வேண்டாம் என்றும் சொன்னேன்.

பதினாறு எலிகளை வைத்து மனிதருக்கு முடிவு கட்டக்கூடாது என்று வகுப்பில் சொல்பவனும் நான்தான். ஆனால் இது என் பெண். எனக்கு இது போதும். பயமாக இருக்கிறது, மணி.

ஞாயிற்றுக்கிழமை வராதே. இந்த வீட்டுக்கு இனி அவளைக் கூட்டிவரவே வேண்டாம். வேறு வீடு பார்க்கிறேன். நீ வந்து மோந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அட்வான்ஸ் கொடுப்பேன். மாமாவிடம் நீ எதுவும் சொல்லாதே. நானே நேரில் வந்து சொல்கிறேன், நீ வரச்சொன்னால்.

இனியா அங்கே விடியும்வரை எழுந்து உட்காராமல் தூங்குகிறாளா? அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
அன்பரசன்