நான் ஒட்டிய தேதி

கண் மருத்துவமனையின் இணையதளத்தில் இன்று நேரம் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்பது மணி என்றது, இன்னொரு பக்கம் பத்து என்றது. அதற்குமேல் உட்கார முடியவில்லை. கூடத்தில் நடந்துகொண்டே உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் இருவரும் வேலை பார்த்த பள்ளிக்கு நீ இணையதளம் செய்தாய். மண்டி மொஹல்லா பகுதியிலிருந்த பிரவுசிங் சென்டரிலிருந்துதான் அதை இணையத்தில் ஏற்றுவாய். பள்ளிப் பெயர், மெனு, நுழைவுத்தேர்வுத் தேதி மூன்றையும் தனி ஃபைலில் வைத்தாய். நாற்பது பக்கங்களிலும் அதை அழைக்கும் ஒற்றை வரி மட்டும் இருந்தது. "எல்லாப் பக்கத்திலயும் எழுதிட்டாப் போச்சே" என்றேன். கணக்கு வாத்தியாரான என்னைக் கன்னடத்தில்தான் கூப்பிடுவாய். "மேஷ்ட்ரே, ஸ்கூலுக்கு ஒரு பெல்தானே? கிளாஸுக்குக் கிளாஸ் தொங்கவிட்டிருக்கியா?" என்று சிரித்தாய்.

நீ நஞ்சன்கூட்டுக்குத் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம், பிழை திருத்தச் சொல்லி, பக்கங்கள் அடங்கிய ஃப்ளாப்பியை என்னிடம் கொடுத்திருந்தாய். சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தால் மேற்பகுதி வெறுமையாக இருந்தது. சர்வரில் ஏறினால்தான் அந்த வரி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாது. நீ மறந்துவிட்டாய் என்றெண்ணி, அந்த வரியை அழித்துவிட்டு, 'தேர்வு திங்கட்கிழமை' என்பது உட்பட தனி ஃபைலில் இருந்த எல்லாவற்றையும் அங்கேயே ஒட்டினேன். உனக்கு உதவியதாகப் பெருமை வேறு. நீ திரும்பியதும் என்னை நம்பி அப்படியே ஏற்றினாய்.

பிறகு தேர்வை அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நீ ஓரிடத்தில் மாற்றினாய், முப்பத்தொன்பது பக்கங்கள் மாறின.

திங்களன்று ஹனூரிலிருந்து ஒரு விவசாயி மகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பக்கத்தின் அச்சுப்பிரதி. "இதுல திங்கக்கெழமைன்னுதானுங்களே போட்டிருக்குது? அம்மிணி ராவும் பகலும் படிச்சாளுங்க" என்றார். தலைமையாசிரியர் காகிதத்தைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார். "தப்பு என்னோடது சார். இந்தப் பொண்ணுக்குத் தனியா ஒரு பேப்பர் கொடுங்க, நானே சூப்பர்வைஸ் பண்றேன்" என்று கெஞ்சினாய். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்த வருஷம் வரட்டும்" என்றார் அவர். நான் கதவருகே வாய் திறக்காமல் நின்றேன்.

அன்று மாலையே நீ அந்தப் பக்கத்தைத் திறந்து சரிசெய்தாய். யார் ஒட்டியது என்று தெரியாமலா இருந்திருக்கும்? என்னிடம் கேட்கவே இல்லை.

அடுத்த ஆண்டுத் தேர்வன்று வாசலில் போய் நின்றேன். சற்று நேரத்தில் நீயும் வந்து நின்றாய். யாரைத் தேடுகிறோம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மணி அடித்து, வாசலைச் சாத்தினார்கள். அவள் வரவில்லை.

வேறு பள்ளியில் சேர்ந்திருப்பாள் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஏற்க மறுக்கிறது. ஒட்டியவன் நான். நீ உயிரோடிருந்தபோது, உன் முகம் பார்த்து, இந்த இரண்டு சொற்களைச் சொல்லியிருக்கலாம்.