கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை

பிறந்தநாள் தவறாமல் எனக்கு வாழ்த்து அனுப்புகிறவளுக்கு,

மூன்று வருடமாக நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருப்பாய்.

நேற்று நம் செவிலியர் கல்லூரியில் கறுப்பின ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பாராட்டு விழா. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கையை வைத்திருந்தார்கள். வெளிர்நிற ரப்பர்க் கையிலேயே ஊசி போட்டுப் பழகுகிற பிள்ளைகள், நம் கறுப்பினத்தவர் கையில் நரம்பு தெரியாமல் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள் என்று நீ பழுப்புச் சாயம் பூசினாயே, அதே கை. கல்லூரிச் சொத்தைப் பாழாக்கியதாக அன்று உன்மேல் புகார் எழுதி ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். உன் வேலை போயிற்று. நேற்று முதல்வர் அதை 'நம் கல்லூரியின் பெருமை' என்றார். எல்லாரும் கைதட்டினோம்.

ஆய்வகம் துடைக்கிற கிளியோபஸ் அண்ணன் மட்டும் தட்டவில்லை. விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாயம் பூசுன பொண்ணைக் கூப்பிடாம என்னம்மா விருந்து?" என்றார்.

"பேசாம சாப்பிடுங்கண்ணே."

வறுத்த கோழியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

எனக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். இன்னும் காரிலேயே கிடக்கிறது.

இனி வாழ்த்து அனுப்பாதே.

அந்த ஐந்து பேரில் முதல் கையெழுத்துப் போட்டவள்.