தங்க மையில் முகம்

காலை பத்து நாற்பது. நீ மாட்டிய மணிக்கூடு எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் என்பதால், பத்து முப்பத்தைந்து. அதைத் திருத்தச் சொல்லி நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் ரீசேட் சட்டைகளில் தங்க நிறக் கடற்குதிரை அச்சடித்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அத்தான், மையக் கழுவிட்டு வாங்க."

"ஏன்டா, ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்களா?"

"கழுவுங்க. இனி அவசரமில்ல. அக்கா போயிட்டா."

நான் கழுவினேன். ஸ்கிரீனின் இரண்டு பக்கமும், நான்கு மூலையும். தண்ணீரில் கரையும் தங்க மை வலைக்கண்ணில் காய்ந்தால் பிறகு எதற்கும் அசையாது. அது அவனுக்கும் தெரியும், அவன்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

முதல் எரிச்சல் உன்மேல். காய்ச்சலின் மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வாட்டில் படுத்துக்கொண்டு என்னைத் துரத்தினாய். "நீங்க இஞ்ச நிண்டு சேலைன் போத்தலப் பாத்தா காய்ச்சல் இறங்குமா? போய் அந்தக் குதிரைய முடிங்க." நானும் போனேன். நீ சொன்னால் போகிறவன்தானே. ஒரு நாளாவது சொல்வழி கேட்காமல் இருந்திருக்கலாம்.

இப்போது உன் முப்பத்தோராம் நாள் வருகிறது. வருகிற சனத்துக்கு துணிப்பை கொடுப்பது என்று உன் ஆட்கள் முடிவெடுத்துவிட்டார்கள். ஏறாவூரில் நூற்றைம்பது வெள்ளைப் பை வாங்கி வந்தும் இறக்கிவிட்டார்கள். பையில் உன் முகம் இருக்கவேண்டுமாம், அதுவும் தங்க நிறத்தில்.

"ஊருக்கெல்லாம் தங்கத்தில அடிச்சீங்களே மனே," என்றார் உன் அம்மா. "என்ட புள்ளைக்கு அடிக்க மாட்டீங்களா?"

நான் படித்ததெல்லாம் எடுத்துவிட்டேன். இந்த மையில் நிறம் கரைந்து கிடப்பதில்லை மாமி, உலோகத் துகள் மிதக்கிறது, துகள் இறங்கப் பெரிய கண் உள்ள வலை வேண்டும், சென்ரிமீற்றருக்கு நாற்பத்து மூன்று இழைக்கு மேல் போனால் அடைக்கும், அந்த வலையில் முகம் நிற்காது, கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒரு திட்டாக விழும். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப கொஞ்சம் மெதுவா அடிச்சுப் பாருங்களன்," என்றார்.

அதையே கனடாவில் இருக்கிற உன் சித்தப்பாவுக்கும் சொன்னேன். உன் பெரியம்மாவுக்கும் சொன்னேன். பெரியம்மா கல்யாணப் படத்தை அனுப்பினார், "இதில கண் பெரிசாத்தான் கிடக்கு" என்ற குறிப்போடு. உனக்குப் பிடிக்காத அதே படம். முகத்தில் யாரோ வெள்ளையடித்தது மாதிரி இருக்கிறது என்று நீ அலுமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்தது. சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது.

நேற்று உன் தம்பி வந்தான். துணிப்பைகளின் கட்டுக்கு மேல் ஏறி இருந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரிக் கேட்டான்.

"அத்தான், கரடியனாத்து கிளப்புக்கு எருமத் தலை அடிச்சனீங்களே. தங்கத்தில கேடயம். அது காஞ்ச பிறகு, அதுக்கு மேல மற்ற ஸ்கிரீனால கறுப்பில தலை. எருமைட மீசை மயிர் கூட விழுந்திச்சே."

"அது எருமை."

"அக்காக்கு மீசையுமில்ல. இன்னும் லேசுதானே."

எனக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. உனக்கு நிச்சயம் வந்திருக்கும்.

அந்த கிளப் ஆளுக்கும் முதலில் ஏலாது என்றுதான் சொன்னேன், நினைவிருக்கிறதா? அவர் போன பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாய்: "ஏலாதா, விருப்பமில்லையா?" இரண்டு ஸ்கிரீன் பிடித்து ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி அடிக்க எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல் என்பது உனக்குத் தெரியும். "விருப்பமில்லாட்டி விருப்பமில்ல எண்டு சொல்லுங்க. பாவம் அந்த மனிசன், அரை மணித்தியாலம் வலைப் பாடம் கேட்டுட்டுப் போகுது." அன்று பகல் முழுக்க உன்னோடு பேசவில்லை. மறுநாள் எருமையை அடித்தேன்.

ஆகவே உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். உன் முகத்தை அடிக்க முடியும் என்பது மாமி கேட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரியும். கீழே தங்கம், மேலே கறுப்பு, வேறொன்றுமில்லை.

ஆனால் ஒவ்வொரு பைக்கும் உன் முகத்தின் மேல் மை தள்ளுகிற ரப்பரை அழுத்தி இழுக்கவேண்டும், நெற்றியிலிருந்து நாடிவரை, நூற்றைம்பது தரம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும். எங்காவது ஒரு கண் அடைபட்டிருந்தால் அதைக் கழிவில் எறியவேண்டும். உன் முகத்தில் பிழை தேடுகிற வேலை அது. எனக்கு அது வேண்டாம்.

அதை வாயால் சொல்லப் பயமாக இருந்தது. இந்த வளவும் வீடும் உன் சீதனம். நான் வந்து இருந்தவன். நீ இல்லாத வளவில் மருமகன் என்ற பெயர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நீ அதை எழுதிவைத்துவிட்டா போனாய்? அதனால் வலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தம்பி போனதும் கிணற்றடிக்குப் போனேன். மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமி, முகம் அடிக்க ஏலும். எனக்குத்தான் விருப்பமில்ல."

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த மீனுக்குக் கடைசி மட்டும் செதில் எடுத்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இத முதல் நாளே சொல்லியிரிக்கலாமே மனே. சனம் கேட்டிச்சு, நானும் கேட்டன். பிறகு படுத்துக் கிடந்து யோசிச்சன், அந்தப் பையில என்னத்தப் போடுவாங்க? கத்தரிக்காயும் கருவாடும்தானே. என்ட புள்ளைட முகத்தில." சட்டியைக் கழுவி ஊற்றினார். "பேர மட்டும் அடியுங்க. சாப்பிட்டீங்களா?"

இவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள்? உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே யோசனை, இரண்டு பேரும் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் முதல் நாளே இருவருக்கும் ஏச்சு விழுந்திருக்கும்.

இன்று காலையில் தொடங்கினேன். தடித்த எழுத்து, பெரிய கண் வலை, ஒரே ஸ்கிரீன். தங்கம் குறைசொல்ல முடியாமல் விழுகிறது. உன் பெயரில் ஒரு கடினமும் இல்லை என்பதுகூட எரிச்சலாக இருக்கிறது.

முப்பது பை தாண்டியபோது சித்தப்பா போனில் கூப்பிட்டார். செய்தி அதற்குள் கனடாவுக்குப் போய்விட்டது.

"முகமில்லாம என்ன தம்பி நினைவு? உங்களுக்கு ஏலாதெண்டா கொழும்பில ஒரு இடம் இரிக்கு, நான் கதைக்கிறன்."

"ஏலும் சித்தப்பா. எனக்கு விருப்பமில்ல."

"என்ன சொன்னீங்க?"

அதையே திரும்பவும் சொன்னேன். அவர் எதையோ நீளமாகத் தொடங்கினார். ஸ்கிரீனில் மை காயப் பார்த்தது. போனை நிறுத்திவிட்டேன்.