என்னிடம் வராத நடுத்தாள்

அன்பு மகனே,

எழுத்துகள் மேலும் கீழுமாகக் குதித்தால் கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கிழட்டுக் கை இப்போதுதான் பேனா பிடிக்கிறது. உனக்கு என் முதல் கடிதம்!

நேற்று நூலக விழாவில், எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த சபீனா அம்மா என்னை மேடையேற்றிப் படிக்க வைத்தார். திருப்பதியே கை தட்டியது போல இருந்தது.

இந்த நூலகத்துக்குத் தமிழ்ப் பேப்பர் ஒன்றுதான் வரும். ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்போம். உன் ஃபேக்டரி இருக்கும் ஸ்ரீ சிட்டிச் சேதி நடுத்தாளில் இருக்கும். இன்று அது என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் சலீம் பாயிடமே நின்றுவிட்டது.

"அது கிழிஞ்சி போச்சுப்பா. சினிமா பக்கத்த படி, ஹீரோயின் உன்னத்தான் பாத்துக்கினு கீறா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தாள் அவர் மடியில் முழுசாகத்தான் இருந்தது.

சபீனா அம்மா வந்து, "ஐயா, உங்க பையன் நேத்து எந்த ஷிப்டு?" என்று கேட்டார்.

"நைட்டும்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன் போன் காலையிலிருந்து அணைந்தே இருக்கிறது. சார்ஜ் போட மறந்திருப்பாய்.

வாசலில் சலீம் பாய் ஆட்டோவை நிறுத்திவைத்துக் கூப்பிடுகிறார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

வரும் வாரமும் எழுதுவேன். படிக்க நீ இரு.

உன் நைனா